ஆயுத பூஜை போட்டோவில் நான் போட்ட வட்டம்

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. பத்திரிகைக்காரி என்று என்னைத் தேடி யாரும் வருவதில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் சர்ச்சின் மாத மடலைப் பிழை திருத்தித் தரச் சொல்வார்கள், அதோடு சரி. அதனால் போன மாதம் ஒரு டி.வி. சேனலிலிருந்து திவ்யா என்ற பெண் வீடு தேடி வந்தபோது, உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

“மேம், ஆனேக்கல் பக்கம் ராஜம்மா கேஸ் நீங்கதானே கவர் பண்ணீங்க? அதை டிராமா மாதிரி எடுக்கறோம். ராஜம்மாவுக்கு ஆர்ட்டிஸ்ட் ஓகே ஆயிடுச்சு. அந்த லவ்வர் கேரக்டருக்குத்தான் ஆள் கிடைக்கல. அவன் பாக்க எப்படி இருப்பான்?”

“அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா.”

“பேப்பர்ல போட்டோவே வந்திருக்கே மேம்” என்று ஒரு நகலை எடுத்து நீட்டினாள்.

எங்கள் பேப்பரேதான். முதல் பக்கம், மூன்று காலம் அகலச் செய்தி. முப்பது பேர் நிற்கும் ஒரு குரூப் போட்டோ. அதில் ஒருவன் முகத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம். கோந்து பாட்டில் மூடியை வைத்து அந்த வட்டத்தைப் போட்டது நான். பதிமூன்று வருடம் கழித்தும் அது அழியாமல் என் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உட்கார வைத்து முழுக்கதையையும் சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1991-ல் பெங்களூரில் வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். மூன்று வருடம் அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுத் துணை ஆசிரியர் ஆனேன். கிரைம் செய்தி எனக்கு வேண்டும் என்று கேட்ட அன்று செய்திப் பிரிவே சிரித்தது. “ஸ்டெல்லா, உனக்கு எதுக்கும்மா ரத்தமும் சதையும்? சமையல் குறிப்பு பாரு” என்றார்கள். அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும் என்ற வீம்பில், ஆண்கள் எழுதுவதைவிட ஒரு படி காரமாகவே எழுதக் கற்றுக்கொண்டேன். இதை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

எங்களிடம் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. கணவன் மனைவியைக் கொன்றால் ‘குடும்பத் தகராறில் பெண் சாவு’ என்று ஐந்தாம் பக்கம், ஒரு காலம். குடும்பத் தகராறு என்ற அந்த ஆசாமியை எந்தப் போலீசும் இன்றுவரை கைது செய்ததில்லை. மனைவி கணவனைக் கொன்றாலோ முதல் பக்கம், கொட்டை எழுத்து, தலைப்பில் முதல் வார்த்தையே ‘கள்ளக்காதல்’. அவளுக்கு என்ன வயதானாலும் ‘அழகி’. என்ன புடவை கட்டியிருந்தாள், கண்ணீர் விட்டாளா இல்லையா, எல்லாம் எழுதுவோம். அவள் ஏன் கொன்றாள் என்று கேட்கவே மாட்டோம். காரணம்தான் தலைப்பிலேயே இருக்கிறதே!

செய்தி ஆசிரியர் பரமசிவம் சார் ஆம்பூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் கையில் எப்போதும் ஓர் அடி நீள ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். பக்கத்தை அளப்பதும் அதில்தான், முதுகு சொறிவதும் அதில்தான். நாம் எழுதிய தாளை வாங்கி, ஸ்கேல் நுனியை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து, முணுமுணுத்துக்கொண்டே படிப்பார். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டார். தாளைக் கவிழ்த்து நம் பக்கம் தள்ளிவிடுவார். என்ன தப்பு என்று நாமேதான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

1996-ல் ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஆனேக்கல் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ராஜம்மா என்ற பெண், பொம்மசந்திராவில் மோட்டார் காயில் சுற்றும் சின்ன கம்பெனியில் வேலை. கணவர் முனிராஜ் லாரி டிரைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரி ஜாக்கி ராடால் கணவரை மூன்று முறை அடித்தார். ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். ராஜம்மா ஒரு கையில் ராடும் ஒரு கையில் ஒன்பது வயது மகளுமாக ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.

நான் போனபோது இன்ஸ்பெக்டர் உற்சாகமாக இருந்தார். ராஜம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்திருந்தது. கம்பெனி ஆயுத பூஜை போட்டோ. முன்வரிசையில் நெற்றியில் சந்தனத்தோடு ராஜம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். பக்கத்தில் முப்பது வயதுக்காரர் ஒருவர், அவரும் சிரிக்கிறார்.

“பக்கதல்லி நிந்திதானல்லா மேடம், அவனே” என்றார் கன்னடத்தில். பக்கத்தில் நிற்கிறானே, அவன்தான் என்று.

கள்ளக்காதலனோடு சேர்ந்து திட்டம் போட்டவள் ராடை எடுத்துக்கொண்டு தானாக ஸ்டேஷனுக்கு ஏன் வருவாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போட்டோ கிடைத்த சந்தோஷத்தில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். ‘கள்ளக்காதலுக்கு இடைஞ்சல்: கணவனை அடித்தே கொன்ற அழகி.’ பரமசிவம் சாரின் ஸ்கேல் முதல் சொல்லுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றது.

“இது யாரு சொன்னா?”

“இன்ஸ்பெக்டர் சார்.”

“போட்டோ?”

“அவர்தான் குடுத்தாரு.”

ஸ்கேல் நகர்ந்தது. மறுநாள் கடைகளில் எங்கள் பேப்பர் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் வாசலில் ஒருவர் என்னைப் பார்க்க நிற்பதாகச் சொன்னார்கள். ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வட்டத்துக்குள் இருந்த முகம். பெயர் மாதையன். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டாவது ஆளாகச் சேர்க்கப்பட்டு, முந்தின நாள்தான் ஜாமீனில் வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். அவர் பேப்பரை மெதுவாகப் பிரித்தார்.

“இந்த வட்டம் யாருங்க மேடம் போட்டது?”

“நான்தான். போலீஸ்ல சொன்னாங்க. நீங்கதானே பக்கத்துல நிக்கறீங்க?”

“பதினாலுக்குப் பக்கத்துல பதினஞ்சு நிக்காம வேற யாருங்க நிப்பாங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்.

“எங்க கம்பெனில ஆயுத பூஜை அன்னிக்கு மெஷின் நம்பர்படிதான் நிப்பாட்டுவாங்க. மொதலாளி போட்டோவைப் பாத்தாலே எந்த மெஷின் யாருதுன்னு தெரியணும்னு. நான் பதினாலு, அந்தம்மா பதினஞ்சு. ரெண்டு வருஷமா பக்கத்து மெஷின். மொத்தமா சேத்து நூறு வார்த்தை பேசியிருப்பமா, தெரியல. அங்க சத்தத்துல பேசினா கேக்கவும் கேக்காது.”

அவர் பேப்பரைப் பழையபடி மடித்துக்கொண்டே தொடர்ந்தார்.

“என் பொண்டாட்டி தேன்கனிக்கோட்டைக்குப் போயிட்டா. அவங்கப்பா இந்தப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறாரு. என்னை விடுங்க, நான் ஆம்பளை, எப்படியோ தேத்திக்குவேன். அந்தம்மா பொண்ணு செல்வி ஓசூர்ல சித்தி வீட்ல இருக்குது. நாலாவது. ஸ்கூல்ல யாரோ ஒரு புள்ள இதைக் கொண்டாந்து காட்டிச்சாம். அன்னிலேர்ந்து ஸ்கூலுக்குப் போகலைங்க. கோர்ட்டுலயும் இதுதான் காரணம்னு நின்னுடுச்சுன்னா அந்தம்மா ஆயுசுக்கும் உள்ளதான். அப்புறம் அந்தப் புள்ளைக்கு யாருங்க இருக்கா?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பரமசிவம் சாரிடம் போய்ப் படபடவென்று எல்லாம் சொல்லி, உடனே திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

“அன்னிக்கு இன்ஸ்பெக்டர் சொன்னாருன்னு போட்ட. இன்னிக்கு இவரு சொல்றாருன்னு போடப் போறியா? போய் மெஷினைப் பாரும்மா.”

போனேன். தாமிரக் கம்பி வாசனையும் காதைக் கிழிக்கும் இரைச்சலுமான ஒரு ஷெட். ஒவ்வொரு மெஷின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் நம்பர். சூப்பர்வைசர் ஆபீஸ் அறைச் சுவரைக் காட்டினார். ஐந்து வருட ஆயுத பூஜை போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஐந்திலும் அதே வரிசை, அதே இடம். ஒரு வருடம் ராஜம்மாவுக்குப் பக்கத்தில் பல் போன ஒரு பெரியவர் நிற்கிறார். இன்னொரு வருடம் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. யார் யாருக்குப் பதினாலாம் மெஷின் கொடுத்தார்களோ அவர்கள் எல்லாம் எங்கள் பேப்பர் கணக்குப்படி ராஜம்மாவின் கள்ளக்காதலர்கள்தான். சூப்பர்வைசர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ராஜம்மாவிடம் அந்தப் போட்டோ ஏன் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது என்றும் அங்கே வேலை செய்த பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவர் தனியாக எடுத்துக்கொண்ட படமே கிடையாது. கல்யாண போட்டோவைக் கணவர் கிழித்துப் போட்டுவிட்டார். சுவரில் மாட்டியிருந்தவற்றையும் சேர்த்து, ராஜம்மா சிரித்த முகமாக இருந்தது அந்த ஒரே படத்தில்தான்.

அதோடு விட்டிருந்தால் ஒரு திருத்தத்தோடு முடிந்திருக்கும். கிழித்துப் போட்டார் என்று கேட்டபிறகு எனக்கு விட மனசு வரவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இந்தப் பெண் இதற்கு முன்னால் யாரிடமாவது போய்ச் சொன்னாளா? ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். முதலில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது மனு ரிஜிஸ்டரை மேஜை மேல் வைத்தார்.

“நான் டீ குடிக்கப் போறேன். நீங்க என்ன பாத்தீங்களோ எனக்குத் தெரியாது” என்று எழுந்து போனார்.

எட்டு மாதத்தில் ராஜம்மா கொடுத்த மனு மூன்று. முதல் மனுவில், அடிக்கிறார். இரண்டாவதில், கையை உடைத்துவிட்டார். மூன்றாவது, சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்னால்: இப்போது மகளையும் அடிக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று மனுவுக்கும் பக்கத்தில் கன்னடத்தில் ஒரே வரி, ஒரே கையெழுத்து. ‘புத்தி ஹேளி களுஹிசலாகிதே.’ புத்தி சொல்லி அனுப்பப்பட்டது.

யாருக்குப் புத்தி சொன்னார்கள்? அடித்தவருக்கா, அடி வாங்கினவருக்கா? அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஏட்டு திரும்பி வந்து ரிஜிஸ்டரை எடுத்து வைத்துவிட்டு, எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்ததை நீட்டினார்.

எழுதிக்கொண்டு போய்ப் பரமசிவம் சார் முன்னால் வைத்தேன். அன்று அவர் படித்தது போல ஒரு செய்தியைப் படித்து நான் பார்த்ததில்லை. வரிக்கு வரி ஸ்கேலை நிறுத்தி, “யாரு சொன்னா? நீ பாத்தியா?” என்று கேட்டார். நான் பார்த்ததாகச் சொல்ல முடியாத வரி எல்லாம் போனது. ஓரிடத்தில் ‘அபலைப் பெண் ராஜம்மா’ என்று எழுதியிருந்தேன். அதன் கீழே ஸ்கேல் நின்றது.

“மூணு தடவை ஸ்டேஷன் படி ஏறினவ அபலையாம்மா? அன்னிக்கு அழகி, இன்னிக்கு அபலை. அந்தப் பொம்பளைக்குப் பேரு இருக்குதில்ல?”

‘அபலை’ என்ற சொல்லை நானே பேனாவால் அடித்தேன். அடுத்த கேள்வி, எங்கே போடுவது? எங்கள் வழக்கப்படி திருத்தம் என்றால் ஆறாம் பக்கம், வரி விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் கேட்டால் சண்டை வரும் என்று தெரிந்தும் கேட்டேன். அவர் எழுந்து, பழைய பேப்பர் கட்டில் அந்த நாள் பேப்பரைத் தேடி எடுத்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். மூன்று காலம், பதினெட்டு சென்டிமீட்டர். மறுநாள் முதல் பக்கத்துக்கான டம்மித் தாளில் அதே இடத்தில், அதே அளவில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார்.

“நானும்தானம்மா பாஸ் பண்ணி அனுப்பினேன்” என்றார்.

அந்தக் கட்டத்தில் அதே போட்டோவை வட்டமில்லாமல் போட்டோம். ஒவ்வொருவர் காலடியிலும் மெஷின் நம்பர். கீழே எங்கள் தவறு, அதற்குக் கீழே மூன்று மனுக்களின் தேதி.

இந்த இடத்துக்கு வந்தபோது திவ்யா, “மேம், அந்த ரெண்டாவது பேப்பர் இருக்கா?” என்று கேட்டாள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெகு நேரம் படித்தாள். லவ்வர் கேரக்டருக்கு ஆள் தேடுவதை நிறுத்திவிட்டதாக மறுநாள் போன் செய்தாள். கதையில் அந்த ஸ்டேஷன் ரிஜிஸ்டரைச் சேர்க்கப் போகிறார்களாம். பரமசிவம் சார் இருந்திருந்தால், அதை யார் சொன்னது என்று அவளையும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

அன்று அந்தப் பேப்பர் வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜம்மாவுக்கு இலவச சட்ட உதவியில் வாதாடிய வக்கீல் என்னைக் கூப்பிட்டார். மனு கொடுத்ததாக ராஜம்மா சொன்னதை அதுவரை யாரும் நம்பவில்லை, தேதி தெரியாததால் கேட்டு வாங்கவும் முடியவில்லை. எங்கள் செய்தியில் இருந்த தேதிகளை வைத்து அந்த ரிஜிஸ்டரைக் கோர்ட்டுக்கே வரவழைத்தார். புத்தி சொல்லி அனுப்பப்பட்டது என்ற வரி மூன்று முறை உரக்கப் படிக்கப்பட்டது. சூப்பர்வைசர் ஐந்து போட்டோவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். இதற்கு நடுவில் ஒரு வாரப் பத்திரிகை ராஜம்மாவின் கையில் சூலத்தைக் கொடுத்துக் காளியாகப் படம் போட்டது. நாங்கள் அப்படி ஒரு படமும் போடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி ஒரு காலம் அளவுக்கு எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் மாதையனைப் பார்ப்பேன். செல்வி பள்ளிக்கூடம் திரும்பினாளா என்று கேட்க வாய் வரும், தைரியம் வராது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மூன்றாவது வருடம் ராஜம்மாவே கோர்ட்டில் பேசினார். முனிராஜ் அன்று மகளின் தலையைத் தண்ணீர் டிரம்மில் அமுக்கிப் பிடித்திருந்தார்.

“மொத அடிக்கே புள்ளைய விட்டுட்டாரு. மத்த ரெண்டு அடி நான் அடிச்சிருக்க வேண்டாம். ஆனா அடிச்சேன்” என்றார்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பு வந்தபோது அந்த மூன்று அடியையும் பிரித்தே பார்த்திருந்தார். மகளைக் காக்கப் போனவர் எல்லை மீறியிருக்கிறார். இது திட்டமிட்ட கொலை அல்ல. உள்ளே இருந்த மூன்று வருடமே போதும். மாதையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோர்ட் வராந்தாவில் மாதையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேன்கனிக்கோட்டையிலிருந்து அவர் மனைவியும் வந்திருந்தார்.

ராஜம்மாவை அன்றுதான் நான் முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். நான் யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். நாளைக்குச் செய்தியில் உங்கள் பெயரைப் போடப்போவதில்லை, ‘ஆனேக்கல் பெண்’ என்றுதான் எழுதுவோம், கவலைப்படாதீர்கள் என்றேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

“ஏன் போட மாட்டீங்க?” என்றார் ராஜம்மா. “அன்னிக்கு இம்மாம் பெருசா போட்டீங்க இல்ல? இப்ப எதுக்கு ஒளிச்சு வெக்கறீங்க? பேரைப் போடுங்க. அடிச்சது நான்தான், அதையும் போடுங்க. நீங்க சொன்ன மத்ததெல்லாம் நான் பண்ணல, அதையும் போடுங்க.”

எழுதிக்கொண்டேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை முதல் பக்கத்தில் இடம் போதவில்லை. செய்தி ஆறு வரி அதிகம். இப்படி இடிக்கும்போது கடைசி வரிகளை வெட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பரமசிவம் சார் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார். படித்தார். “யாரு சொன்னா?” என்று கேட்டார். “ராஜம்மாவே சொன்னாங்க சார். ஸ்கூலுக்கு நானே போன் பண்ணிக் கேட்டுட்டேன்” என்றேன். பக்கத்துக் காலத்தில் இருந்த மந்திரி பேச்சிலிருந்து ஆறு வரியை வெட்டிவிட்டு, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை ராஜம்மாவின் பெயரோடு வந்த அந்தச் செய்தி இப்படி முடிந்திருந்தது: ‘இவருடைய மகள் செல்வி, ஓசூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் முதல் மாணவி.’